திண்டுக்கல் வழியாக வா

காரைக்குடி,
மார்கழி 18

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. தைப்பூசத்துக்கு முந்திய வாரம் மாப்பிள்ளையையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து காரிலேயே வருவதாக நீ சொன்ன நாளிலிருந்து, எந்த வழியாக வருவது என்பதில் நமக்குள் ஒரு சிறு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, திருமயம் என்று வந்தால் நேரம் குறையும் என்று உன் கைப்பேசி சொல்கிறது. அது பொய் சொல்லவில்லை. ஆனாலும் இந்த ஒரு முறை கரூர் தாண்டித் திண்டுக்கல் வரைக்கும் வந்து, அங்கிருந்து நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர், குன்றக்குடி வழியாக ஊருக்கு வா என்று நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் அதை ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். ஆகையால் எழுதுகிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

இந்தச் சாலையின் நீளம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கி, கொட்டாம்பட்டியில் மதுரை மாவட்டத்தைத் தொட்டுவிட்டு, மீதித் தூரத்தைச் சிவகங்கை மாவட்டத்துக்குள் கடக்கிறது. நத்தத்துக்கும் சிங்கம்புணரிக்கும் திருப்பத்தூருக்கும் ரயில் கிடையாது. அந்த ஊர்களின் நெல்லும் மாம்பழமும் தேங்காய் நார்க் கயிறும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணும், கல்லூரிக்குப் போகும் பிள்ளையும், எல்லாம் இந்தத் தார் மேல்தான் போயாக வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தின் பெரும்பகுதி இது மாநில நெடுஞ்சாலை 35 என்ற எண்ணில் இருந்தது. இப்போது தேசிய நெடுஞ்சாலை 383. கோயம்புத்தூரிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் சாலையிலிருந்து பிரிகிற கிளை என்பதால், அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு 3 சேர்த்திருக்கிறார்கள். எண் மாறியபோது மைல் கற்களின் தலையில் இருந்த பச்சை நிறம் மஞ்சளாயிற்று. மாநிலச் சாலைக்குப் பச்சை, தேசியச் சாலைக்கு மஞ்சள் என்பது கணக்கு. பேத்திக்கு இதைச் சொல்லி வை. வழியெல்லாம் நிறம் பார்த்துக்கொண்டு வருவாள், கைப்பேசி கேட்க மாட்டாள்.

எண்களுக்கு முந்திய காலத்தில் உன் ஐயா இதை ஜில்லா போர்டு ரோடு என்றே சொல்வார். 1946-இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை என்று தனியாக ஒன்று ஏற்படும்வரை, இப்படிப்பட்ட நாட்டுப்புறச் சாலைகள் மாவட்டக் கழகங்களின் பொறுப்பில்தான் இருந்தன. அன்று இந்தப் பக்கமெல்லாம் 1910-இல் பிரித்து உண்டாக்கிய இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை தனி மாவட்டமானதும், மதுரையிலிருந்து திண்டுக்கல் பிரிந்ததும் 1985-இல். ஆகையால் அரசாங்கத்தின் கோப்பில் இந்தச் சாலைக்கு ஒரு பிறந்த நாளைத் தேடினால் நீ குழம்பிப்போவாய். ஒவ்வொரு நிர்வாகமும் தன் பங்குக்குச் சரளை கொட்டியது, ஜல்லி பரப்பியது, தார் ஊற்றியது, அகலப்படுத்தியது. பாதையை அவற்றில் எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. இதைத்தான் உனக்கு விளக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாதையைத் தேர்ந்தெடுத்தவர்கள் நடந்தவர்கள். நகரத்தார்கள் தைப்பூசத்துக்குக் காவடி கட்டிப் பழனிக்கு நடந்து போகும் வழக்கம் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று சொல்வார்கள். நெற்குப்பையைச் சேர்ந்த ஒரு செட்டியார் உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் போய்வந்ததில் தொடங்கியதாக அந்த மரபு தன் கதையைச் சொல்கிறது. நான் அதை நம்புகிறேன். காரணம் பக்தி மட்டும் அல்ல. உப்பு மூட்டை ஏற்றிய மாடு எந்த வழியாகப் போக முடியுமோ அந்த வழியாகத்தான் இந்தச் சாலை போகிறது. செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. சிறுமலைக்கும் கரந்தமலைக்கும் நடுவில் கிடக்கிற தாழ்வான நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவது தெரியாமல் ஏறுகிறது. தண்ணீர் இல்லாத நீண்ட வெளி எதையும் குறுக்கே கடப்பதில்லை. இன்றைக்கும் காவடிகள் குன்றக்குடியில் கூடி, மருதிப்பட்டி, சிங்கம்புணரி, சமுத்திராபட்டி, நத்தம், திண்டுக்கல் என்றுதான் போகின்றன. சர்க்கரைக் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேல் ஏற்றிய மாட்டு வண்டியுடன் போய், பூசம் முடிந்ததும் காவடி எடுத்தவர்கள் அதே வழியாக நடந்தே ஊர் திரும்புகிறார்கள். உன் ஐயா காவடி எடுத்தவர் அல்லர். அவர்களுக்குப் பின்னால் கூட்டத்தோடு நடந்தவர். திரும்பும்போது மட்டும் பஸ் ஏறிவிடுவார்.

காரில் வரும்போது வழியில் உள்ள ஊர்களின் இடைவெளியைக் கவனித்துக்கொண்டே வா. திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். சிங்கம்புணரிக்கும் திருப்பத்தூருக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறியபின் ஒரு மரத்தடியில் கிடந்து, பொழுது சாய்வதற்குள் சுமையோடு ஒரு மனிதன் போய்ச் சேரும் தூரம் அது. அதற்கு மேல் இடைவெளி இருக்கிற இடங்களில், அதாவது நத்தத்துக்கு இரண்டு பக்கமும், நடுவில் சமுத்திராபட்டியும் கோபால்பட்டியும் வந்து நிற்கின்றன. சந்தையும் சத்திரமும் மடமும் ஊருணியும் அந்தக் கணக்குப்படி அமைந்தன. பிறகு பஸ் வந்தபோது நிறுத்தமும் அங்கேயே அமைந்தது. சாலை ஆய்வாளனாக இருந்த எனக்குப் பள்ளத்தை அளக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கு சைக்கிளில் போய்வந்த காலத்தில் தானாகப் பிடிபட்டது.

திண்டுக்கல்லைத் தாண்டியதும் வலது கையில் சிறுமலை வரும். வாழைப்பழத்துக்குப் பேர் போன மலை. நீ சின்ன வயதில் சாப்பிட்ட அந்தக் குட்டை மலைப்பழம் அங்கிருந்துதான் வந்தது. சாணார்பட்டி, கோபால்பட்டி தாண்டி நத்தம் வருவதற்குள் சாலைக்கு இரு மருங்கிலும் மாந்தோப்புகள். தை மாதத்தில் பூ எடுத்திருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு வா. நத்தத்தில் மாசி மாதம் மாரியம்மனுக்குப் பூக்குழியும் கழுமரம் ஏறுதலும் பெரிய விழா. அந்த நாள்களில் இந்த வழியாக வண்டி கொண்டுபோகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். நல்லவேளை, நீ தையில் வருகிறாய்.

நத்தத்தைச் சுற்றிய காட்டுக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. 1755-ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் என்ற கும்பெனிப் படைத் தலைவன், கும்பெனிச் சிப்பாய்களின் தளபதியான யூசுப்கானையும் கூட்டிக்கொண்டு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டப் போனான். போன இடத்தில் ஒரு கோயிலின் சிலைகளையும் அள்ளிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பியபோது, நத்தம் கணவாயில் கள்ளர்கள் அவன் படையை மறித்துத் தாக்கினார்கள். "சாமி, சாமி" என்று கூவிக்கொண்டு அவர்கள் பாய்ந்து வந்ததையும், சிலைகளை மீட்டுக்கொண்டு போனதையும் கும்பெனியின் வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். ஹெரானை இராணுவ விசாரணை நடத்தி வேலையிலிருந்து நீக்கினார்கள். பீரங்கி வண்டிகள் முன்னும் பின்னும் போக முடியாமல் ஒற்றைத் தடத்தில் மாட்டிக்கொண்டன என்று படிக்கும்போது, எனக்கு முதலில் தோன்றியது அந்தத் தடத்தின் அகலம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதுதான். தொழில் புத்தி.

சமுத்திராபட்டிக்கு அப்பால் கொட்டாம்பட்டியில் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை குறுக்கே வருகிறது. கைப்பேசி அங்கே உன்னைத் திருப்பிவிடப் பார்க்கலாம், கேட்காதே. நேரே கிழக்கே வா. அந்த இடத்திலிருந்து மண் மாறுவது உனக்குத் தெரியும்: மாந்தோப்பு குறைந்து, கண்மாயும் பனையும் தென்னையும் தொடங்கும்.

கண்மாய்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சாலையின் வளைவுகள் பலவற்றுக்கு விடை அவற்றில்தான் இருக்கிறது. நம் சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை ஒரு கண்மாய் நிறைந்து, மிகுந்த நீர் வெளியேறும் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குக் கொடுக்கும்படி பெரியவர்கள் தொடராக வெட்டி வைத்தார்கள். நடந்து போகிறவன் உள்வாய்ச் சேற்றில் இறங்க மாட்டான். கரை மேலோ, கரையை ஒட்டியோ போவான். அவன் போன தடத்தில் வண்டி போயிற்று, வண்டித் தடத்தில் ஜல்லி விழுந்தது. ஆகவே வயல்வெளியின் நடுவில் காரணமே இல்லாமல் சாலை வளைகிறதே என்று மாப்பிள்ளை கேட்டால், வளைவின் உட்பக்கம் பார்க்கச் சொல். பெரும்பாலும் ஒரு கண்மாய்க் கரை இருக்கும், அல்லது அது தூர்ந்த அடையாளம் இருக்கும். எங்கள் வேலையில் பாதி தண்ணீரோடுதான். சாலையின் நடு முதுகு சற்று உயர்ந்து, மழைநீர் இரண்டு பக்கமும் வடிய வேண்டும். வடிந்த நீர் ஓரத்தில் நிற்காமல் சிறுபாலத்தின் வழியாக அந்தப் பக்கம் போக வேண்டும். சிறுபாலத்தின் வாயில் சீமைக் கருவேலமும் குப்பையும் அடைத்துவிட்டால், ஒரே மழையில் தாருக்கு அடியில் தண்ணீர் புகுந்து சாலை பெயர்ந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் வாய்களைத் தோண்டிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று நான் சாலைப் பணியாளர்களைப் பிடுங்கி எடுத்தது உன் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கும்.

அகலப்படுத்தும் வேலையில் ஒரு முறை ஓர் ஒப்பந்தக்காரர் வளைவு ஒன்றை நேராக்குவதற்காக ஒரு வரத்துக் கால்வாயை மண் கொட்டி மூடி, அதற்குப் பதிலாக வைத்த குழாயையும் சிறியதாக வைத்துவிட்டார். அடுத்த மழையில் மேலே இருந்த வயல் முழுகியது, கீழே இருந்த கண்மாய் காய்ந்தது. ஊரார் மண்வெட்டியோடு வந்து சாலையையே வெட்டி வழி விட்டார்கள். அவர்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்றார்கள் சிலர். நான் என் குறிப்பில், குழாயின் அளவைத்தான் எழுதினேன். பிறகு அங்கே சரியான பாலம் வந்தது.

அகலப்படுத்தியதே தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றிருந்த சாலையில் எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் புளியமரங்கள் போனதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாலையோரப் புளிக்குத் துறையில் ஆண்டுதோறும் ஏலம் நடக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு, இடுப்பளவில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்போம், இரவில் விளக்கு வெளிச்சத்தில் அதுதான் சாலையின் விளிம்பைக் காட்டும். நடந்து போகிறவனுக்கு அது குடை. இப்போது வைத்திருக்கிற கன்றுகள் அந்த நிழலைத் தருவதற்கு உனக்கே ஒரு பேத்தி பிறந்து வளர வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாரின் விளிம்பை அடுத்து, பெர்ம் என்று நாங்கள் சொல்லும் ஓர மண் அகலமாக இருந்தவரை, செருப்பில்லாமல் வருகிற பாதயாத்திரைக்காரர்கள் அதில் நடந்தார்கள். தைக்கு முன்னால் அங்கே முள்ளை வாரி, சிதறிய ஜல்லியை ஒதுக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். இன்று அந்த ஓரத்தையும் கெட்டியாகப் போட்டுவிட்டார்கள். வண்டிக்கு அது நல்லது. பதினொரு மணி வெயிலில் வெறுங்காலுக்கு நல்லதல்ல. சாலை யாருடைய கால்களால் உண்டானதோ அவர்களுக்காக ஓரத்தில் நான்கடி மண்ணை விட்டுவைத்திருக்கலாம் என்பது என் கட்சி. கூட்டங்களில் சொல்லியும் இருக்கிறேன்.

சிங்கம்புணரிக்குள் நுழையும்போது வெயிலில் காய்கிற தேங்காய் நாரையும் கயிறு திரிக்கிறவர்களையும் பார்ப்பாய். அங்கே சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நில். வைகாசித் தேரோட்டத்தின்போது தேர் நிலைக்கு வந்ததும் ஆயிரக்கணக்கான தேங்காய்களை வீசி உடைப்பார்கள். தென்னை வளர்த்த ஊர் தன் சாமிக்குச் செய்யும் மரியாதை அது. வடக்கே தெரிகிற மலை பிறான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு அவன் எந்தத் தடத்தில் நடந்து வீடு திரும்பினானோ, அதைப் புறநானூறு சொல்லவில்லை.

திருப்பத்தூரில் புறவழிச்சாலையைப் பிடிக்காமல் ஊருக்குள் வா. திருத்தளிநாதர் கோயில் தேவாரம் பெற்ற தலம். யோக பைரவர் சன்னதிக்கு உன் அப்பத்தா உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த ஊரில்தான் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நினைவிடத்தைப் பேத்திக்குக் காட்டு. காட்டிய பிறகு இதையும் சொல்: அந்த ஆண்டில் கும்பெனியின் கர்னல் அக்னியூவின் படை, காளையார்கோவிலைப் பிடிப்பதற்காகச் சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட்டது. ஏறத்தாழ ஒரு மாதம் கோடரியும் துப்பாக்கியுமாக வெட்டினார்கள். பகலில் வெட்டிய இடத்தில் மருதுவின் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து தாக்கினார்கள். கடைசியில் அந்தப் பாதையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, வேறு வழிகளில் நுழைந்துதான் அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடிக்க முடிந்தது. நம் பக்கத்தில் ஒரு பேரரசு தன் விருப்பப்படி நேர்கோட்டில் போட முயன்ற முதல் பாதை அதுவாக இருக்கலாம். அது இன்று எங்கேயும் இல்லை. மருதுவின் பெயர் பிற்காலத்தில் இந்தச் சாலையில் ஓடிய அரசுப் பேருந்துகளின் பக்கவாட்டில் இருந்தது. மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் என்று நீயே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாய். 1997-இல் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது அதுவும் போயிற்று.

அங்கிருந்து வீடு வரைக்கும் உனக்குத் தெரிந்த இடம்தான். சிராவயல் மஞ்சுவிரட்டு பொங்கலோடு முடிந்திருக்கும். 1927-இல் காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வந்தபோது பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவானந்தம் ஆசிரமம் நடத்திவந்த ஊர் அது. காந்தி அவரைப் பார்க்க அங்கே போனார். பிள்ளையார்பட்டிக்குச் சாலையிலிருந்து சற்று உள்ளே போக வேண்டும், ஆனால் அந்த வாரத்தில் கூட்டம் தாங்காது. ஊருக்கு வந்த பிறகு ஒரு விடியற்காலையில் போய்க்கொள்ளலாம்.

குன்றக்குடியில் கவனம் வேண்டும். காவடிகள் கூடுகிற நாள்களில் மலையடிவாரத்தில் வண்டி நகராது. நீ வருகிற நாளைப் பொறுத்து, அவர்கள் புறப்பட்டு நத்தத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ அருகில் எங்காவது உனக்கு எதிரே வந்துகொண்டிருப்பார்கள். காவடிகளுக்குப் பின்னால் வருகிற பாதயாத்திரைக் கூட்டம் வெயிலுக்குப் பயந்து இரவிலும் விடியலிலும்தான் அதிகம் நடக்கும். சாலையின் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று நம்ப முடியாது. தூக்கக் கலக்கத்தில் தாருக்கு நடுவிலேயே வருகிறவர்களும் உண்டு. முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தால் தெரியும், இல்லையென்றால் வண்டி அருகில் வரும்வரை தெரியாது. ஆகவே திண்டுக்கல்லில் இரவு தங்கிவிட்டுக் காலை எட்டு மணிக்கு மேல் புறப்படுங்கள். மாப்பிள்ளை வேகமாக ஓட்டுகிறவர் என்று உன் அம்மா சொல்கிறாள். இந்த நூறு கிலோமீட்டருக்கு மட்டும் நீ ஓட்டு.

சிங்கம்புணரியில் கிணற்றுக்கு ஆகும்படி நல்ல நார்க் கயிறு ஒன்று வாங்கிவர வேண்டும். ஐம்பது அடி போதும். கடைக்காரர் நைலான் கயிறு எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. திருப்பத்தூர் வந்ததும் ஒரு போன் செய். அம்மா அப்போது உலை வைத்தால் சரியாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா